ஜெர்மனிக்குப் புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு நாங்களே ஓர் இணையதளம் அமைக்கிறோம்: எப்படி அடுக்குவது, யார் பராமரிப்பது?

எல்பேக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கிழக்கு ஜெர்மனியில், எல்பே ஆற்றங்கரையில் உள்ள ஒரு நகரத்தில் முதுநிலைப் படிப்பின் மூன்றாவது பருவத்தில் இருக்கிறேன். இந்தோனேசியா, கொலம்பியா, எகிப்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த மூவரும், இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு ஜெர்மானிய மாணவியும், நானுமாக ஐந்து பேர் சேர்ந்து, புதிதாக வந்து இறங்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் இணையதளம் ஒன்றை உருவாக்கத் தொடங்கியிருக்கிறோம். பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகம் நல்ல தகவல்களைத் தருகிறது. ஆனால் அவை பெரும்பாலும் சேர்க்கை, பாடப்பதிவு, விசா ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. வாடகை வீட்டின் கதவைத் திறந்து உள்ளே நுழைந்த பிறகு செய்ய வேண்டியவற்றை ஒவ்வொருவரும் வாட்ஸாப் குழுவில் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். ஒவ்வோர் அக்டோபரிலும் ஏப்ரலிலும் அதே கேள்விகள் மறுபடியும் எழுகின்றன. போன ஆண்டு யாரோ பொறுமையாக எழுதிய பதில் குழுவின் அடியில் எங்கோ புதைந்து கிடக்கிறது.

இந்த முயற்சியில் என்னை இறக்கிவிட்டது ஒரு தபால் பெட்டி. இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு கதவு எண் கிடையாது. தெருவும் கட்டட எண்ணும் மட்டுமே முகவரி. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் அஞ்சல்காரர் கடிதத்தைப் போடுவார். நான் வந்த அன்றே ஒரு சீட்டில் என் பெயரை எழுதி ஒட்டினேன். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் இருந்ததோ என் அப்பாவின் பெயர். ஆகவே வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி அடையாள எண்ணைத் தெரிவிக்கும் கடிதம் ஆகிய மூன்றும் அப்பாவின் பெயருக்கு வந்து, அப்படி ஒருவர் இந்தக் கட்டடத்தில் இல்லை என்று திரும்பிப் போயின. ஐந்து வாரம் கழித்து, கையில் இருந்த ஒரு பழைய கடித உறையுடன் கீழ்வீட்டு அம்மையாரிடம் விவரம் கேட்டேன். அவர் என்னைத் தபால் பெட்டிக்கு அழைத்துச் சென்று, உறையில் இருந்த பெயரையும் பெட்டியில் இருந்த பெயரையும் விரலால் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். அந்த ஐந்து வாரமும் வரி எண் இல்லாததால் கிடைத்திருந்த பகுதிநேர வேலையில் சேர முடியவில்லை. தந்தை பெயரை முதலெழுத்தாகப் போட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இது நேர வாய்ப்பு மிகுதி என்பதை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

இப்போது எங்களிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகள் இருக்கின்றன: வங்கி, காப்பீடு, போக்குவரத்து, குப்பை பிரித்தல், மருத்துவர், வேலை என்று அவை நீண்டுகொண்டே போகின்றன. எப்படி அடுக்கினாலும், படிப்பவர் எங்கே தொடங்குவது என்று திகைப்பார் போலவே தெரிகிறது. மேலும், நாங்கள் ஐவரும் இரண்டு ஆண்டுகளில் படிப்பை முடித்துச் சென்றுவிடுவோம்; அதன்பின் தளத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையும் இருக்கிறது. இது போன்ற வேலையைச் செய்தவர்களும், இங்கே வந்து இடர்ப்பட்டவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.


நெய்தல்வழி எழுதியது:

தம்பி, உங்கள் முயற்சிக்கு என் வாழ்த்துகள். நான் மேற்கு ஜெர்மனியில் படித்த காலத்தில் இதே நோக்கத்துடன் ஒரு தளத்தை மூன்று ஆண்டுகள் நடத்தினோம். இப்போது அது இல்லை. அது ஏன் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாங்கள் செய்த முதல் தவறு தலைப்பு வாரியாக அடுக்கியது. வந்து இறங்கிய மாணவருக்கு வங்கி ஒரு தலைப்பு, காப்பீடு ஒரு தலைப்பு, பதிவு ஒரு தலைப்பு என்று தனித்தனியாகத் தெரிவதில்லை. அவருக்கு அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் சங்கிலி. அரசு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் உறுதிப்பாடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முடியாது. வீடு கிடைக்காமல் அன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவு நடக்காது. வீடு கிடைத்தாலும், நீங்கள் குடிபுகுந்ததை உறுதிசெய்து வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட சான்று இல்லாமல் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய மாட்டார்கள். சட்டப்படி குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அக்டோபரில் நேரம் ஒதுக்கிக்கொள்வதற்கே சில நகரங்களில் அதைவிட அதிக நாளாகிவிடும். பதிவு முடிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். பல வங்கிகள் பதிவுச் சான்றைக் கேட்கும். நடப்புக் கணக்கு இருந்தால்தான், விசாவுக்காக ஸ்பெர்கோண்டோ எனப்படும் முடக்கக் கணக்கில் போட்டு வைத்த பணம் மாதாமாதம் கைக்கு வரும். இவை அனைத்தையும் எடுத்துக்கொண்டு, விசாவின் காலம் முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே உங்கள் முகப்புப் பக்கம், 'வருவதற்கு முன்', 'முதல் மூன்று நாள்', 'முதல் இரண்டு வாரம்', 'முதல் மூன்று மாதம்' என்று காலத்தைப் பின்பற்றிச் செல்லட்டும். ஒவ்வொரு படியிலும், இதற்கு முன் கையில் என்ன இருக்க வேண்டும், இது முடிந்தால் அடுத்து எது திறக்கும் என்ற இரண்டை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் தபால் பெட்டிக் கதை முதல் மூன்று நாளில், முதல் வரியிலேயே வர வேண்டும்.

இரண்டாவது தவறுதான் எங்கள் தளத்தையே முடித்துவைத்தது. எண்களை எல்லாப் பக்கங்களிலும் எழுதிவைத்தோம். ஸ்பெர்கோண்டோவில் காட்ட வேண்டிய தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து அது ஆண்டுக்கு 11,208 யூரோவாக இருந்தது. 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக, அதாவது மாதம் 992 யூரோவாக உயர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் ஆண்டுக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்றிருந்தது 2024 மார்ச்சில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று மாறியது. ஜெர்மனி முழுவதும் செல்லுபடியாகும் மாதப் பயணச்சீட்டு 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2025 ஜனவரியில் 58 யூரோவானது. 2026 ஜனவரியில் அதுவும் 63 யூரோவாகிவிட்டது. எங்கள் காலத்திலும் தொகைகள் இப்படித்தான் மாறிக்கொண்டிருந்தன. ஒரு பக்கத்தில் திருத்துவோம், வேறு நான்கு பக்கங்களில் பழைய தொகையே இருக்கும். பழைய தொகையை நம்பிப் பணம் கட்டிவிட்டு விசா நேர்காணலுக்குப் போன ஒரு மாணவி எங்களுக்கு எழுதிய மின்னஞ்சலை இன்றும் மறக்கவில்லை. அவர் எங்களைத் திட்டவில்லை. தயவுசெய்து மாற்றிவிடுங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார்.

மாறக்கூடிய எண்களை எல்லாம் ஒரே கோப்பில் வைத்து, பக்கங்கள் அனைத்தும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு அமையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கடைசியாகச் சரிபார்த்த நாளும், சரிபார்த்தவரின் பொறுப்புப் பெயரும் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு மேல் சரிபார்க்காத பக்கத்தில் தானாகவே ஓர் எச்சரிக்கை வாசகம் தோன்ற வேண்டும். தரவுத்தளம், உள்நுழைவு எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. மார்க்டவுன் எனப்படும் எளிய உரைக் கோப்புகளை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்து, ஹியூகோ போன்ற தளம் உருவாக்கும் கருவியால் நிலையான பக்கங்களாக ஆக்கினால் போதும். எங்கள் தளத்தில் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளை நிறுவியிருந்தோம். அதைப் புதுப்பிக்கத் தெரிந்த ஒரே நண்பர் பட்டம் பெற்றுப் போன ஆறாவது மாதத்தில் யாரோ உள்ளே புகுந்து விளம்பரங்களால் நிரப்பிவிட்டார்கள்.


சட்டப்படி எழுதியது:

முந்தைய பதிவருடன் முழுமையாக உடன்படுகிறேன். தளத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் சட்டம் தொடர்பாகச் சிலவற்றைச் செய்தாக வேண்டும். மாணவர்கள் இதைப் பெரும்பாலும் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

ஜெர்மனியில், முழுக்க முழுக்கத் தனிப்பட்ட அல்லது குடும்பப் பயன்பாட்டுக்காக அல்லாத எந்தத் தளமும் அதை நடத்துபவரின் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டும். இம்ப்ரெசும் என்று ஒவ்வொரு ஜெர்மன் தளத்தின் அடியிலும் நீங்கள் பார்ப்பது அதுதான். உங்களில் ஒருவர் தம் அறை முகவரியை அங்கே போட்டுவிட்டு, இரண்டு ஆண்டுகளில் வேறு நகரத்துக்குப் போய்விட்டால் தளம் சட்டப்படி அனாதையாகிவிடும். ஆகவே மாணவர் மன்றத்தை அணுகுங்கள். மேற்கு மாநிலங்களில் ஆஸ்டா என்றும், உங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஸ்டூரா என்றும் சொல்லப்படும் அந்த அமைப்புக்கு நிலையான அலுவலகமும் சிறிய நிதியும் இருக்கும். தளம் அவர்கள் பெயரில் இயங்கினால், யார் பராமரிப்பது என்ற உங்கள் கவலைக்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஆண்டுதோறும் அவர்களே ஒருவரைப் பொறுப்பில் அமர்த்த முடியும்.

தனியுரிமையைப் பொறுத்தவரை, எதையும் சேகரிக்காமல் இருப்பதே சிறந்த பாதுகாப்பு. எழுத்துருவைக்கூட வெளிச் சேவையகத்திலிருந்து இழுக்காதீர்கள். கூகுள் எழுத்துருக்களை அப்படி ஏற்றியதால் பார்வையாளரின் ஐபி முகவரி அவர் இசைவின்றி வெளியே போனது என்று கூறி, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. அதன்பின் அதே காரணத்தைக் காட்டிப் பணம் கேட்கும் கடிதங்கள் நாடு முழுவதும் சிறு தளங்களுக்குப் பறந்தன. எழுத்துருவை உங்கள் சேவையகத்திலேயே வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

தனிப்பட்டவர்களின் வழக்குகளுக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. 'என் விசா நிராகரிக்கப்பட்டது, என்ன செய்வது' என்று கேட்பவரிடம் கடவுச்சீட்டுப் படியை வாங்கிப் பார்த்து ஆலோசனை சொல்வது வேறு, பொதுவான வழிமுறையை எழுதிவைப்பது வேறு. முதலாவதற்குத் தகுதி பெற்றவர்கள், மாணவர் விடுதிகளையும் உணவகங்களையும் நடத்தும் ஸ்டூடியரெண்டன்வெர்க் அமைப்பின் சமூக ஆலோசனைப் பிரிவிலோ மாணவர் மன்றத்தின் சட்ட ஆலோசனை நேரத்திலோ இருப்பார்கள். அங்கே எப்படிப் போவது என்பதை மட்டும் எழுதுங்கள்.


மார்கழிப்பனி எழுதியது:

நான் போன அக்டோபரில் வந்தவள். எனவே புதிதாக வருபவரின் இடத்திலிருந்து சொல்கிறேன். விசா தாமதமானதால் 2 ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு நகர இரயில் நிலையத்தில் இறங்கினேன். மறுநாள் 3 ஆம் தேதி, ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள். கடைகள் அனைத்தும் மூடியிருந்தன. கையில் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை மட்டும் இருந்தது. அதையே இரண்டு வேளைக்குப் பகிர்ந்து சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் இப்படித்தான் கடைகள் இருக்காது, ஆனால் பெரிய இரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால், நான் இறங்கிய இடத்திலேயே ரொட்டியும் பாலும் வாங்கியிருக்க முயன்றிருப்பேன். உங்கள் ஊர் எந்த மாநிலம் என்று தெரியவில்லை. கிழக்கு மாநிலங்களில் பொதுவாக அக்டோபர் 31 உம் விடுமுறை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் வருத்தியது வீடு தேடல். சென்னையிலிருந்தே ஒரு விளம்பரத்துக்கு எழுதினேன். மிக அழகான அறை, வாடகையும் குறைவு. உரிமையாளர் தாம் வெளிநாட்டில் வேலை செய்வதாகவும், முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்பிவிடுவதாகவும் எழுதினார். அப்பா வங்கிக்குப் புறப்பட்டுவிட்டார். என்னுடன் படிக்கவிருந்த ஒரு பெண், அதே படங்களுடன் வேறு நகரத்தின் பெயரில் இன்னொரு விளம்பரம் இருப்பதை எதேச்சையாகப் பார்த்துச் சொன்னதால் தப்பித்தோம். ஆகவே உங்கள் தளத்தில் வீடு பற்றிய பக்கம் மற்ற எல்லாவற்றையும்விட விரிவாக இருக்கட்டும். நேரில் பார்க்காத அறைக்குப் பணம் அனுப்பக் கூடாது. முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். 'பதிவு செய்ய இயலாது' என்று விளம்பரத்தில் இருந்தால், மேலே ஐயா சொன்ன சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துபோகும். ஸ்டூடியரெண்டன்வெர்க் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும். காத்திருப்பு மாதக்கணக்கில் போகும்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் ஒரு பெரிய எச்சரிக்கை தேவை. முப்பது வயதுக்குட்பட்ட மாணவருக்கு அரசுக் காப்பீட்டில் சலுகைக் கட்டணம் உண்டு. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, மலிவாகத் தெரியும் தனியார் காப்பீட்டுக்குப் போனால், படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. என் வகுப்பில் ஒருவர் முகவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு அப்படிச் செய்துவிட்டு, இப்போது பல் மருத்துவச் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டிருக்கிறார். இது போல, ஒருமுறை செய்தால் மாற்ற முடியாத முடிவுகளுக்குத் தனி நிறத்தில் ஓர் அடையாளம் வையுங்கள். குப்பையைத் தவறான தொட்டியில் போட்டால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். அதற்கும் காப்பீட்டுக்கும் ஒரே அளவு எழுத்தில் ஒரே தொனியில் எழுதினால் புதியவருக்கு எது முக்கியம் என்று தெரியாது.

இன்னொன்று: இறங்கியவுடன் பலரிடம் இணைய இணைப்பு இருக்காது. முதல் மூன்று நாளுக்குரிய பக்கத்தை ஒரே தாளில் அச்சிட்டு எடுத்து வரும்படி அமைத்துக் கொடுங்கள். அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 110, அவசரமல்லாத மருத்துவ உதவிக்கு இரவிலும் விடுமுறையிலும் 116117 ஆகிய எண்களும் அதில் இருக்கட்டும்.


எல்பேக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஐவரும் கூடி உங்கள் பதில்களைப் படித்தோம். தமிழ் தெரியாத நால்வருக்கும் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். தலைப்பு வாரியான பட்டியலைக் கைவிட்டுவிட்டோம். எண்களுக்கான தனிக் கோப்பைக் கொலம்பிய நண்பர் அன்றிரவே எழுதிவிட்டார். திரும்ப முடியாத முடிவுகளுக்குச் சிவப்புக் கோடு இடுவது என்று தீர்மானித்தபோது, அதில் எவை எவை வரும் என்று ஒரு மணி நேரம் விவாதித்தோம். தனியார் காப்பீடும் பார்க்காத அறைக்கு அனுப்பும் பணமும் உடனே இடம்பெற்றன. விசாக் காலம் முடிந்த பிறகு விண்ணப்பிப்பதையும் சேர்த்தோம்.

மொழி பற்றித்தான் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் போதும், எல்லோரும் ஆங்கிலவழியில் படிக்க வந்தவர்கள்தானே என்கிறார் இந்தோனேசியத் தோழி. எகிப்திய நண்பர் அரபியிலும், நான் தமிழிலும் வேண்டும் என்கிறோம். ஐந்து மொழிகளில் தொடங்கினால் ஐந்திலும் பழைய தகவல் தேங்கிவிடுமோ என்று அஞ்சுகிறோம்.


நெய்தல்வழி எழுதியது:

உங்கள் அச்சம் நியாயமானது. முழுத் தளத்தையும் ஆங்கிலத்தில் வையுங்கள். ஆனால் அலுவலகங்களின் பெயர்களையும் படிவங்களின் பெயர்களையும் ஜெர்மனிலேயே விட்டு, பக்கத்தில் எளிய விளக்கம் தாருங்கள். கதவின் மேலும் கடிதத் தலைப்பிலும் மாணவர் பார்க்கப்போவது ஜெர்மன் சொல்லைத்தான். 'குடியிருப்பாளர் பதிவு அலுவலகம்' என்று எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாலும் அந்தப் பலகையைத் தேடித் தெருவில் நடப்பவருக்கு அது உதவாது. வரி எண் வரும் கடிதம், பொது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கட்ட வேண்டிய ஒலிபரப்புக் கட்டணத்தின் கடிதம் ஆகியவற்றின் மாதிரிப் படத்தை, பெயரும் எண்ணும் மறைத்து, போட்டுவிடுங்கள். அந்த ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ, ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. ஒரே வீட்டில் இருக்கும் மூவரும் தனித்தனியாகக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழிலும் அரபியிலும் எழுத வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தையும் கைவிட வேண்டாம்; யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மாணவருக்கு ஆங்கிலம் தெரியும். கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பணம் ஏன் முடக்கி வைக்கப்படுகிறது, அது யாருடைய பெயரில் இருக்கிறது, மாதம் எவ்வளவு வரும், பார்க்காத அறைக்கு ஏன் பணம் அனுப்பக் கூடாது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள் ஆகியவற்றை மட்டும் சொல்லும் ஒரே ஒரு தமிழ்ப் பக்கம் எழுதுங்கள். மார்கழிப்பனியின் அப்பா வங்கிக்குப் புறப்பட்ட அந்தக் காலையில் படித்திருக்க வேண்டிய பக்கம் அது. ஒரு பக்கம் என்றால் ஆண்டுக்கு இருமுறை சரிபார்ப்பது கடினமில்லை. அரபிப் பக்கத்துக்கு எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவதால் பட்டியல்களும் அம்புக்குறிகளும் திரும்ப வேண்டும். அதை எகிப்திய நண்பரே தம் கைப்பேசியில் பார்த்து ஒப்புதல் தரட்டும்.

வெளியிடுவதற்கு முன், இந்தப் பருவத்தில் புதிதாக வந்த இருவரை அழைத்து, 'முகவரியைப் பதிவு செய்ய என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்' என்று மட்டும் சொல்லித் தளத்தை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் அமர்ந்து பேசாமல் பாருங்கள். அவர்கள் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே உங்கள் எழுத்தைத் திருத்துங்கள். அந்த இருவரையே அடுத்த ஆண்டுக்கான பொறுப்பாளர்களாக இருக்கச் சம்மதமா என்று கேட்டும் பாருங்கள். ஐவரும் ஒரே ஆண்டில் வெளியேறுவது போல் ஒருபோதும் அமைத்துக்கொள்ளாதீர்கள்.


எல்பேக்கரை எழுதியது:

பெற்றோருக்கான பக்கம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இன்று காலை அதைத் தமிழில் எழுதத் தொடங்கி, முதல் வரைவை ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு அனுப்பினேன். ஸ்பெர்கோண்டோ பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தும் புரியவில்லை என்றார். 'வைப்புக் கணக்கில் போட்டுவிட்டு மாதாமாதம் எடுத்துக்கொள்வது போலவா?' என்று அவர் கேட்ட கேள்வியிலிருந்தே அந்தப் பத்தியை மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாணவர் மன்றத்தில் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். சோதித்துப் பார்க்க, போன வாரம் விடுதிக்கு வந்த ஒரு நேபாள மாணவரும் ஒரு மதுரைப் பெண்ணும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எங்கே தயங்கினார்கள் என்பதை அடுத்த வாரம் இதே இழையில் எழுதுகிறேன்.